மாமா ஏறிய வண்டி

கதவைச் சாத்தியதுதான் வினையாகப் போய்விட்டது.

சின்ன அறை. பினாயிலும் டிஞ்சரும் கலந்த வாடை. ஜன்னலுக்குப் பச்சைத் துணி. என்னை ஒரு உயரமான முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை, தொங்கியது. எதிரே டாக்டரம்மா மரியபுஷ்பம். வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை.

"அஞ்சலை, உங்கம்மாவைப் பத்தி நாம ரெண்டு பேரும் பேசலாமா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாத்திய கதவைத்தான் பார்த்தேன்.

"எங்கம்மாவுக்கு வயித்து வலிங்க."

"வயித்து வலியா?"

"ஆமாங்க. எப்பவுமே வயித்து வலிதாங்க."

எனக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் அது. யார் கேட்டாலும் வயித்து வலி. நானும் தம்பி கோவிந்தனும் அதைப் பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். டாக்டரம்மா அதற்கு மேலே கேட்கவில்லை. ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்து அனுப்பினார். அதை நான் தின்னவில்லை. பாவாடை முடிச்சில் முடிந்துகொண்டு ஓடிவந்துவிட்டேன்.

சொல்லில் எத்தனை சொல்

இந்த இடத்தில் கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் சீமைச் சனங்களுக்குப் 'பைத்தியம்' என்று நேரே சொல்ல வாய் கூசும். ஆனால் அதற்குப் பதிலாக வைத்திருந்த சொற்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 'காத்து சேந்துடுச்சு' என்பார்கள். 'மரை கழண்டுடுச்சு' என்பார்கள். 'மேல்வூட்டுல ஆளில்ல' என்று சிரிப்பார்கள். குன்னத்துப் பக்கம் ஒரு வண்டிக்காரர் என் அம்மாவைப் பார்த்து, "பாவம், தண்ணி கலங்கிக் கெடக்கு. தெளியும்" என்றார். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது, அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இப்படிச் சனங்கள் வாயிலிருந்து விழுந்ததைத்தான்.

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் மருமகள் கேட்டாள்: "அத்தே, இதையெல்லாம் எழுதணுமா? பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கற நேரத்துல?"

எழுதத்தான் வேண்டும். அந்த 'வெளியே சொல்ல வேணாமே' என்ற பேச்சுதான் என் அம்மாவை நோயைவிட அதிகமாக வாட்டியது. வருகிற மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டே வரட்டும். எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

அம்மா பெயர் செல்லம்மா. அப்பா ரப்பர் தோட்ட வேலைக்கு மலேயா போனவர். சப்பான்காரன் அங்கே வந்ததும் அவரிடமிருந்து சேதி நின்றுபோனது. யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு அல்லாடினோம். திருச்சி ரோட்டில் கரியைப் போட்டு ஊதி பஸ் விட்டார்கள். மேட்டில் அது நின்றுபோனால் ஏறினவர்களே இறங்கித் தள்ள வேண்டும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால்தான் அம்மா சோற்றை வழித்துக் கொட்ட ஆரம்பித்தாள். "இதுல கண்ணாடித் தூள் கெடக்கு. எவனோ அரைச்சுப் போட்டுட்டான்" என்பாள். பானையோடு எடுத்துப் போய்க் கொல்லையில் கவிழ்ப்பாள். இல்லையென்றால் தபால்காரரைத் தேடி ரோட்டோடு நடந்துவிடுவாள். போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன்.

சாப்பிட வைக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. முதல் வாய் நான் தின்ன வேண்டும். மென்று, விழுங்கி, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். ரத்தம் இல்லையென்று பார்த்த பிறகு அம்மா ஒரு வாய் தின்பாள். அடுத்த வாய்க்கு மறுபடி நான். எனக்குப் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போய்விட்டு மத்தியானம் ஓடி வருவேன். கொஞ்ச நாளில் போவதையே விட்டுவிட்டேன்.

ஊர் கட்டிய கதை

டாக்டரம்மா வரதராசன்பேட்டைப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். மெட்ராசில் படித்து, அங்கே மனநோய் ஆஸ்பத்திரியிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து வைத்தியம் பார்க்க வந்தவர். கப்பலில் வருகிற டாக்டர்மார் பத்திரிகைகள் பழசாகிக் கைக்கு வந்தாலும் விடமாட்டார். வெள்ளைக்காரன் சீமையில் குண்டுக்குப் பயந்து பிள்ளைகளை வேற்றூருக்கு அனுப்பினார்களாம். ஆத்தாளைப் பிரிந்த பிள்ளைகள் எப்படி வாடிப் போயின என்று அங்கே டாக்டர்கள் எழுதுகிறார்களாம். அதைப் படித்ததிலிருந்து இவருக்கு ஒரே யோசனை. பெற்றவர்களுக்குச் சித்தம் கலங்கினால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? யார் அவர்களிடம் நடப்பதைச் சொல்கிறார்கள்?

அப்படித்தான் என்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப் பேசிப் பார்த்தார். தனியாக, அமைதியாகப் பேசினால் பிள்ளை மனசைத் திறக்கும் என்று அவர் நினைத்தார். நல்ல எண்ணந்தான்.

ஆனால் எங்கள் ஊரில் டாக்டர் ஒரு பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். உடம்பில் குஷ்டத் தேமல் இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பார்ப்பதற்கு. இருந்தால் பிள்ளை ஊரில் இருக்காது. ஆகவே ஊர் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: ஆத்தா அப்பனின் பைத்தியம் பிள்ளைக்கும் இறங்கியிருக்கிறதா என்று டாக்டரம்மா சோதிக்கிறார்.

ஒரே வாரம். கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். "செல்லம்மா மவளுக்கும் இருக்காம்ல" என்று என் காதுபடவே பேசினார்கள்.

அம்மாவின் தம்பி கலியபெருமாள் மாமா அரியலூரிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திராமல், யாரையோ பிடித்து மாட்டு வண்டியிலேயே வந்து இறங்கினார். நேரே டிஸ்பென்சரிக்குப் போனார்.

"என் அக்காளுக்குச் சரியில்ல, அது ஊருக்கே தெரியும். இப்ப அக்கா மவளுக்கும் சேத்து முத்திரை குத்திட்டீங்களே! எனக்கும் மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குங்க. நாளைக்கு எவன் வந்து கையப் புடிப்பான்?"

"ஐயா, நான் சோதிக்கலை. அவகிட்ட பேசத்தான்..."

"அப்படி என்னங்க பேசறதுக்கு இருக்கு, சின்னப் புள்ளைகிட்ட?"

மாமா கெட்டவர் இல்லை. இதை எழுதிவைத்துவிட வேண்டும். பயந்தவர். பயந்த மனுசன் முடிவெடுத்தால் சட்டென்று எடுப்பான். அன்றைக்கே எடுத்தார். கொள்ளிடக் கரையில் ஒரு கோயிலில் அம்மாவை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடுவது. அங்கே நோயாளியோடு ரத்த சம்பந்தம் ஒன்று கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அது நான். கோவிந்தன்? ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்கு அவனைக் கொடுத்துவிடுவது. அங்கே அவன் பெயரைக்கூட மாற்றுவதாகப் பேச்சு.

அடுத்த சந்தை முடிந்ததும் வண்டி வரும் என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார். கோவிந்தனுக்கு ஐந்து வயசு. அவனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

வெங்காயக் களம்

அப்போது நானும் கோவிந்தனும் மருதாயி அக்காவின் வெங்காயக் களத்தில்தான் பகலைக் கழித்துக்கொண்டிருந்தோம். களம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் சோற்று வேளைக்கு அம்மாவிடம் ஓடிவிடலாம். சின்ன வெங்காயம் காய்ந்து வந்தால் தாளும் வேரும் அறுத்துப் பிரிக்கிற வேலை. வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மருதாயி அக்கா களத்து மேஸ்திரி. பெரிய தொண்டை. வையாமல் ஒரு வார்த்தை வராது, அந்த வசவில் பாதி கொஞ்சல்.

எல்லோரும் குடத்தைத் தள்ளி வைத்தபோது அவர் மட்டும், "ஏ புள்ள, உக்காந்து அறு. பைத்தியம் ஒட்டிக்கும்னா இந்த மேஸ்திரி வேலையில எனக்கு எப்பவோ ஒட்டியிருக்கும்" என்றார்.

ஒரு நாள் டாக்டரம்மா அங்கே வந்து நின்றார். டிஸ்பென்சரிக்குப் பிள்ளைகள் வருவது நின்றுபோயிருந்தது.

"நான் அஞ்சலையோட கொஞ்சம் பேசணும். அந்தப் பக்கமா தனியா..."

"தனியாவா? மறுபடியுமா?" என்றார் மருதாயி அக்கா. "ஒருக்கா தனியா கூப்பிட்டதுக்கே அந்தப் புள்ளைக்குக் கெணத்துல தண்ணி இல்லாமப் போச்சு. இங்ஙனயே உக்காருங்கம்மா. உக்காந்தா சும்மா உக்காரக்கூடாது, இந்தாங்க."

ஒரு அரிவாள்மனையும் ஒரு கூடை வெங்காயமும் முன்னால் வந்தன. டாக்டரம்மா வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டார். பாதி வெங்காயத்தைத் தாளோடு சேர்த்து வெட்டித் தள்ளினார். களமே சிரித்தது.

"ஆபரேஷன் பண்ற கையா இது? நோயாளி பொழைச்ச மாதிரிதான்!"

அவரும் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை அறுத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். முதலில் எதுவுமே கேட்கவில்லை. அவர் படித்த பத்திரிகையில் அரிவாள்மனை பற்றி எழுதியிருக்காது. ஆனால் கையில் வேலை இருந்தால் வாய்க்கு வெட்கம் குறையும் என்பதை அவர் அங்கே உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொண்டார். அதோடு அந்தக் களத்தில் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சிம்னி

என் பக்கத்தில் உட்கார்ந்து அறுப்பவள் ஜெபமாலை. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண். என் வயசு. அவள் அப்பா பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து பேச்சில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எங்கள் வீட்டில் வயித்து வலி. அவர்கள் வீட்டில் 'அப்பாவுக்குத் தொண்டைப் புண்'.

அன்றைக்கு டாக்டரம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். யாரிடம் என்றில்லாமல்.

"உடம்புக்கு நோய் வர்ற மாதிரி மனசுக்கும் வரும். ஏன் வருதுன்னு எனக்கும் முழுசாத் தெரியாது. மெட்ராசுல இருக்கற பெரிய டாக்டருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். புள்ளைங்க செஞ்ச எதுனாலயும் அது வர்றதில்ல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். "எனக்குத் தெரியும். நான் செஞ்சதுதான்."

கைகள் நிற்கவில்லை. சரக் சரக்கென்று எல்லாரும் அறுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் என்னால் மேலே பேச முடிந்தது.

மழைக்கு முன்னால் அரிக்கேன் விளக்கைத் துடைக்கும்போது அதன் கண்ணாடிச் சிம்னி கை தவறி உடைந்துவிட்டது. யுத்த காலத்தில் சிம்னிக்கு எங்கே போவது? பயந்துபோய் உடைசலை அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா சோற்றில் கண்ணாடி என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் போட்ட கண்ணாடிதான் அம்மா தலைக்குள் போய்விட்டது. அது தெரிந்ததால்தான் ஒவ்வொரு வாயையும் நான் முதலில் தின்றேன். வெட்டினால் என்னை வெட்டட்டும் என்றுதான்.

சொல்லி முடித்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் ஜெபமாலை தலையைத் தூக்கினாள்.

"எங்கூட்ல அரிக்கேன் வெளக்கே கெடையாதே. அகல்தான். எங்கப்பாவுக்கு எப்படி வந்துச்சாம்?"

நான் அவளையே பார்த்தேன்.

"நான் எங்கப்பா பர்மாவுல இருக்கச்சே, வரவே வேணாம்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். வந்தா அடிக்கும்னு. அதனாலதான் பேச்சு போச்சுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் அவள். "நீ வேண்டிக்கிட்டியா?"

"இல்ல."

"நான் சிம்னிய ஒடைக்கல. நீ வேண்டிக்கல. ரெண்டு வூட்லயும் வந்துருக்குதே, அப்புறம் என்னாடி?"

டாக்டரம்மா சொல்ல வேண்டியதை ஜெபமாலை சொல்லிவிட்டாள். அவர் செய்ததெல்லாம், கூடையிலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்து அதையும் கோணலாக வெட்டியதுதான்.

அந்த நிமிஷம் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நான் செய்யாத ஒன்றுக்கு என்னையும் கோவிந்தனையும் ஏன் பிரிக்கிறார்கள்?

ரத்த சம்பந்தம்

வண்டி வந்தது. களத்துக்கே வந்தது. அம்மா உள்ளே வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தார்கள். ஆண்டிமடத்து அம்மாள் இறங்கி, கோவிந்தனுக்கு முந்திரிப் பருப்பு நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான். அவனுக்கு என்ன தெரியும்?

"ஏறு அஞ்சலை" என்றார் மாமா.

"ஏறமாட்டேன்."

"என்னது?"

"ஏறமாட்டேன் மாமா. கோவிந்தனையும் அனுப்ப மாட்டேன்."

அறுக்கிற சத்தம் நின்றுவிட்டது. டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, கோயிலுக்கு வேணாம்னு நான் சொல்லலை. தாராளமாப் போகட்டும், நான் மருந்தும் தர்றேன். ஆனா கூட உக்கார வேண்டியது பெரியவங்க. இது கொழந்தை. தம்பியையும் பிரிச்சா ரெண்டும் ஒடிஞ்சு போயிரும்."

"ரத்த சம்பந்தம் உக்காரணும்கறது கோயில் மொறை. நான் வச்சதா?" மாமாவுக்கு முகம் சிவந்தது. "வயித்து வலிக்காரிய நான் வேற எங்கங்க கொண்டு போவேன்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. களத்தில் நின்றவர்கள், வண்டிக்காரர், வேடிக்கை பார்க்கக் கூடிய அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"எங்கம்மாவுக்கு வயித்து வலி இல்ல! மனசுல நோவு! நான் ஒண்ணும் செய்யல, கோவிந்தன் ஒண்ணும் செய்யல, எங்கம்மாவும் ஒண்ணும் செய்யல!"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"ரத்த சம்பந்தம்தானே உக்காரணும்? நீங்களும் ரத்தம்தானே மாமா? கூடப் பொறந்தவரு. நீங்க உக்காருங்க."

மாமாவுக்குப் பக்கத்தில் வண்டிக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தார்.

"புள்ள கேக்கறது நாயந்தானே தம்பி?" என்றார் மருதாயி அக்கா.

"களத்துக் கூலிக்காரங்க இதுல பேசறதுக்கு..."

"கூலிக்காரிதான். ஆனா இந்த ரெண்டுக்கும் இத்தனை நாள் கஞ்சி ஊத்துனது இந்தக் கூலிக்காரி சட்டிதான். இன்னும் ஊத்தறேன். அரியலூர்லேருந்து வந்து எட்டிப் பாத்தியா நீ? ஆம்பளைக்கு ஒரு மண்டலம் கோயில்ல உக்காந்தா தேஞ்சா போயிரும்?"

ஜெபமாலை எழுந்து வந்து கோவிந்தனின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் களத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். போன வாரம் குடத்தைத் தள்ளி வைத்தவள் ஒருத்தியும் அதில் இருந்தாள். ஆண்டிமடத்து அம்மாள் மீதிப் பருப்பை மெல்ல மடியில் கட்டிக்கொண்டாள். "நான் பொறவு வரேங்க" என்றாள் யாரிடமோ. பிறகு அவள் வரவேயில்லை.

மாமா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. தெளிந்த குரல்.

"கலியா, சாப்ட்டியாடா?"

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"இல்லக்கா" என்றார்.

"பாத்துத் தின்னு. சோத்துல தூள் கெடக்கும்."

மாமா சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அம்மா பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தார். நான் ஓடிப் போய்ப் பின்பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, மொத வாய் நீங்க தின்னு காட்டணும். நாக்க நீட்டிக் காட்டணும். அப்பத்தான் அம்மா சாப்புடும்."

"சரி" என்றார்.

"ஒவ்வொரு வாய்க்கும்."

"சரிடி."

அம்மா முழுசாகக் குணமாகித் திரும்பினாள் என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் தெளிந்து வந்தாள், பிறகு கலங்கினாள், மறுபடி தெளிந்தாள். சாகும்வரை அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள மாமா முறை வைத்துக்கொண்டு அரியலூரிலிருந்து வந்தார். நான் மறுபடி பள்ளிக்கூடம் போய் ஐந்தாவதை முடித்தேன். டாக்டரம்மா இன்னும் இரண்டு களங்களுக்குப் போய் உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் அவருக்கு வெங்காயம் அறுக்க வரவில்லை.

அன்றைக்கு வண்டி ரோட்டில் ஏறிப் புழுதி அடங்கிய பிறகுதான் கோவிந்தன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். முந்திரிப் பருப்புத் துணுக்கு இன்னும் உதட்டில் ஒட்டியிருந்தது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அவனுக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அம்மாவுக்கு மனசில் நோவு, மாமா கூடப் போயிருக்கிறார், நீ என்னோடுதான் இருப்பாய் என்று.

அவன் உதட்டுத் துணுக்கை நக்கிக்கொண்டான்.

"மாமாவுக்கும் வந்துருமா அக்கா?"

"வராதுடா."

"வந்துட்டா?"

"வந்துட்டா மாமாவுக்கும் சேத்து நாமளே கஞ்சி கொண்டு போவோம். இப்ப நீ மொதல்ல குடி."

மருதாயி அக்கா சட்டியை நகர்த்தினார். அன்றைக்கு ஒரு வாய்கூடச் சோதித்துப் பார்க்காமல், யாருக்கும் நாக்கை நீட்டிக் காட்டாமல், எனக்காக நான் குடித்தேன்.